வலி நின்ற பிறகு

இரண்டு வருடங்களுக்கு முன், கார்த்திகை தீபத்துக்குச் சில வாரங்கள் இருந்தபோது நடந்தது இது. எங்கள் ஊர் விருத்தாசலம். அம்மாவுக்குப் பீங்கான் கம்பெனியில் வேலை. அச்சிலிருந்து எடுத்த பொம்மைகள், அகல் விளக்குகளின் ஓரத்தைச் சீவி, ஈரத்துணியால் துடைத்து அடுக்க வேண்டும். அந்தக் கூலியில்தான் நான் பி.காம். முடித்தேன். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான்தான். அதில் எனக்குப் பெருமை உண்டு. அம்மாவுக்கு என்னைவிட அதிகம்.

அதற்கு முந்தைய வருடம் அம்மாவுக்குச் சிறுநீர்க்குழாயில் கல் அடைத்து, தரையில் உருளும் அளவுக்கு வலி. புதுச்சேரியில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் கல்லை உடைத்து எடுத்தார்கள். வலி இல்லாவிட்டாலும் ஸ்கேனுக்கு வர வேண்டும் என்று சொல்லித்தான் அனுப்பினார்கள். அம்மா போகவில்லை. அடுத்த வாரம், அடுத்த வாரம் என்று தள்ளிக்கொண்டே வந்தவரை, அந்தக் கார்த்திகைக்கு முன் ஒரு வழியாக இழுத்துக்கொண்டு போனேன்.

ஸ்கேனில் இடது சிறுநீரகம் வீங்கியிருந்தது. கல் வெகுநாள் உட்கார்ந்திருந்த இடத்தில் குழாய் தழும்பேறிச் சுருங்கிவிட்டதாம். சிறுநீர் இறங்க வழியில்லாமல் மேலேயே தேங்கி, வலிக்காமலேயே சிறுநீரகம் கெட்டுக்கொண்டிருந்தது. இப்போது ஆபரேஷன் செய்தால் காப்பாற்றலாம், தள்ளிப்போட்டால் அதை எடுத்துவிட வேண்டியிருக்கும் என்றார் டாக்டர். சுருங்கிய பகுதியை வெட்டிவிட்டு, சிறுநீர்ப்பையின் சுவரிலிருந்து ஒரு பட்டையை எடுத்துக் குழாயாகச் சுருட்டி மேலே இணைப்பதை வரைந்து காட்டினார்.

"கூஜாவுக்கு மூக்கு ஒட்டற மாதிரியா, டாக்டரு?" என்றார் அம்மா.

"அதேதாம்மா" என்று சிரித்தார் அவர்.

ஆக, அம்மாவுக்கு எல்லாம் புரிந்துவிட்டது. ஆனாலும் வெளியே வந்ததும், "வலிக்காத வயித்த எதுக்குடி கிழிக்கணும்? கார்த்திகை ஆர்டரு நெறய கெடக்குது. வா, வூட்டுக்குப் போலாம்" என்று பையைத் தூக்கிக்கொண்டார். ரிப்போர்ட்டைப் பிரித்து வைத்து மறுபடி முதலிலிருந்து விளக்கினேன். கெஞ்சினேன். கடைசியில் கத்தினேன்.

"காலேஜு படிச்சவ சொல்லிட்டா வயித்த நீட்டிடணுமா?" என்று அம்மாவும் கத்தினார்.

பெஞ்சில் எங்களுக்குப் பக்கத்தில் அம்மா வயதில் ஒருவர் உட்கார்ந்திருந்தார். புடவைத் தலைப்பால் இடது கையை மூடியிருந்தார். "யக்கா, எனக்கும் வலி நின்னுதான் போச்சு" என்றார். தலைப்பை விலக்கி, அம்மாவின் கையைப் பிடித்துத் தன் முழங்கைக்குக் கீழே வைத்தார். அங்கே நரம்பு கயிறு மாதிரிப் புடைத்திருந்தது.

அம்மா வெடுக்கென்று கையை எடுத்தார். "என்னாம்மா இது, கிர்ருனு ஓடுது!"

"டயாலிசிஸுக்கு ரத்தக்குழாய சேத்து வெச்சிருக்காங்க. ரெண்டு பக்கமும் கல்லு. வலி நின்னதும் கரைஞ்சிடுச்சுன்னு சாமிக்குப் பொங்கலே வெச்சேன்கா. இப்ப மெஷினுதான் எனக்கு ஒண்ணுக்குப் போவுது." சொல்லிவிட்டு அவரே சிரித்தார். "உங்க பொண்ணு கத்துது. கத்தட்டும். எங்க வூட்ல கத்த ஆளில்ல."

நர்ஸ் கூப்பிட, அந்தம்மா எழுந்து போய்விட்டார். அம்மா தன் உள்ளங்கையையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம், "டாக்டரு கெளம்பிடப் போறாரு. எப்ப வந்து படுக்கணும்னு கேட்டுட்டு வா" என்றார்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. அம்மா படுக்கையில் இருக்கும்போதே கார்த்திகை போய்விட்டது. இணைத்த இடம் ஆறும்வரை உள்ளே வைத்திருந்த மெல்லிய குழாயைப் பிறகு எடுத்தார்கள். அடுத்தடுத்த ஸ்கேன்களில் வீக்கம் வடிந்திருந்தது, சிறுநீரகம் தப்பித்துவிட்டது. ஒவ்வொரு முறை போகும்போதும் அந்தம்மாவைத் தேடினேன். கண்ணில் படவே இல்லை. பெயரைக்கூடக் கேட்டு வைக்கவில்லை.

இப்போது கம்பெனியில் யாராவது விலாவில் வலி வந்து போனது என்று சொன்னால் போதும், அம்மா விடுவதில்லை. போன மாதம் கூட வேலை செய்யும் ஒரு பெண்ணை ஸ்கேனுக்கு இழுத்துப் போனார். ஒன்றுமில்லை என்று வந்தது. ஒரு நாள் கூலி போச்சு என்று அந்தப் பெண்ணின் வீட்டுக்காரர் எங்கள் வாசலில் நின்று திட்டிவிட்டுப் போனார். "ஒண்ணுமில்லன்னா நல்லதுதான? இதுக்கு ஏன் குதிக்கிறான்?" என்று அம்மா நிஜமாகவே புரியாமல் என்னிடம் கேட்டார்.

ஊர்க் கண்ணுக்கு மறைத்து வைத்திருந்த கையை, முன்பின் தெரியாத ஒருத்திக்காக அந்தம்மா திறந்து நீட்டினாரே, அதனால் தனக்கு ஆகப்போவது எதுவுமில்லை என்று தெரிந்தே நீட்டினாரே, அதுதான் இன்றும் என்னை அசைக்கிறது.