சாமைக் கொல்லையில் தொங்கிய சிடி

கடைத்தெருவில் காய் வாங்கிக்கொண்டிருந்தபோது போன் வந்தது. "சார், மலர்விழி டீச்சர் காலையில போய்ட்டாங்க." பையில் போட்ட கத்தரிக்காயை எடுத்து மறுபடியும் தராசில் வைத்துவிட்டு நின்றேன். "இன்னா சார், வாணாவா?" என்றார் கடைக்காரர்.

கல்வராயன் மலையடிவாரப் பள்ளியில் மலர்விழி கணினியும் நான் இயற்பியலும் நடத்தினோம். எந்தப் பழுதானாலும் ஒரே நேரத்தில் இரண்டு இடத்தில் கைவைக்க விடமாட்டார். "ரெண்டையும் மாத்திட்டா, எதுனால சரியாச்சின்னு எப்படி சார் தெரியும்?" என்பார்.

ஒருநாள் மலையில் சாமை பயிரிடும் பொன்னுசாமி ஒரு சிடியோடு வந்தார். மைத்துனன் கல்யாணத்தில் எடுத்த வீடியோ படம். அவர் மனைவி இறந்திருந்தார். அந்தம்மாவின் குரல் வேறெங்கும் பதிவாகவில்லை. மலர்விழி அன்று பயிற்சிக்குப் போயிருந்ததால் நாங்களே பள்ளிக் கம்ப்யூட்டரில் போட்டோம். ஒன்றும் வரவில்லை. "இதுவும் செத்துப்போச்சிங்களா?" என்று கேட்டு, சிடியை வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

மறுநாள் விஷயத்தைச் சொன்னதும் மலர்விழி பாட சிடி ஒன்றைப் போட்டார். அதுவும் ஓடவில்லை. இன்னொன்று, அதுவும் இல்லை. "எல்லா சிடியும் ஒரே நாள்ல சாவுமா சார்?" என்றார்.

பொத்தானை அழுத்தினார், தட்டு வெளியே வந்தது. "கரண்டு வருது." விண்டோஸ் எழும்புவதற்கு முன்பே அமைப்புத் திரைக்குள் போய்ப் பார்த்தார். சிடி டிரைவின் பெயர் அங்கே இருந்தது. "வயரும் சரி. விண்டோஸுக்குத்தான் இதை அடையாளம் தெரியல." விண்டோஸுக்குள் போனால், அதே பெயரின் பக்கத்தில் மஞ்சள் நிற ஆச்சரியக்குறி. சிடி எழுதும் மென்பொருள் ஒன்றை யாரோ நீக்கியிருந்தார்கள். 'எல்லாம் என் வழியாகத்தான் போகவேண்டும்' என்று அது விண்டோஸின் பதிவேட்டில் எழுதிவைத்த வரி மட்டும் நீங்காமல் தங்கிவிட்டது. மாற்றலாகிப் போன தலைமையாசிரியரின் கையெழுத்துக்காகக் கோப்பு காத்துக்கிடப்பதில்லையா, அதுபோல. பதிவேட்டை நகலெடுத்து வைத்துக்கொண்டு, அந்த ஒரு வரியை மட்டும் அழித்து, கம்ப்யூட்டரை மறுபடி இயக்கினார். பாட சிடி ஓடியது.

அதற்குள் அவர் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தார். "சாமைக் கதிர் முத்துற நேரம் சார். செத்த சிடியை அவங்க இன்னா பண்ணுவாங்க?"

பொன்னுசாமியின் ஊருக்குப் போக வெள்ளிமலை பஸ்ஸைப் பிடித்தோம். அவர் பயந்தபடியே கொல்லை நடுவில், குச்சியில் கட்டிய சிடி வெயிலில் மின்னிச் சுழன்றுகொண்டிருந்தது.

"ஒரு குருவி கிட்ட வரலீங்க டீச்சரம்மா," என்றார் பொன்னுசாமி. "எம் பொண்டாட்டி உயிரோட இருக்கச் சொல்லயும் அவளுக்குப் பயந்துகினுதாங்க இருந்துச்சிங்க."

டீச்சர் அதை அவிழ்த்து, சோப்புத் தண்ணீரில் கழுவி, நடுவிலிருந்து விளிம்பு நோக்கி நேராகத் துடைத்தார். பொன்னுசாமியையும் பள்ளிக்கு அழைத்துவந்தோம். படம் திக்கித் திக்கி ஓடியது. பிறகு பந்தி. எங்கிருந்தோ ஒரு பெண்ணின் குரல்: "இன்னா வேடிக்கை பாத்துக்கினு நிக்கிற? வந்து துன்னு!"

"தோ வரேன்," என்று பொன்னுசாமி எழுந்துவிட்டார்.

டீச்சரின் சாவு வீட்டுக்கும் அவர் வந்திருந்தார். "டீச்சரம்மா கொரலு யாருகிட்டயாவது இருக்குதுங்களா?" என்று கேட்டார். எல்லோரும் போனை எடுத்துத் தேடினோம். எங்கள் ஒருவரிடமும் இல்லை.

டீச்சரிடமிருந்து எனக்கு மிஞ்சியது, 'எல்லா சிடியும் ஒரே நாள்ல சாவுமா சார்?' என்ற அந்தக் கேள்விதான். அவர் குரல் எங்கும் இல்லை என்று சொல்ல வாயெடுக்கும்போதெல்லாம் அது குறுக்கே வந்து நிற்கிறது. அன்று அங்கிருந்த போன்களில் இல்லை, அவ்வளவுதான் தெரியும். அவரிடம் படித்தவர்களே, உங்கள் பழைய போன்களையும் ஒருமுறை திறந்து பாருங்கள்.