அக்காவின் விரல்வலி

என் வேதாகமத்தில் சங்கீதப் பக்கங்களுக்கு நடுவே நாலாக மடித்த காலண்டர் அட்டை ஒன்று இருக்கிறது. ஓரம் தேய்ந்து, விரல் அழுக்கில் கறுத்துப்போனது. அதை அங்கே வைத்தது நானல்ல.

கொச்சி மட்டாஞ்சேரியில் எங்கள் தமிழ்ச் சபைக்கு முப்பது வருடத்துக்கும் மேலாக அக்காதான் ஆர்மோனியம் வாசித்தாள். ஆராதனைக்குக் கால்மணி நேரம் முன்பே வந்து, அந்த அட்டையைக் கட்டைகளுக்கிடையே செருகி ஒரு சுரத்தை அழுந்தி நிற்கவைப்பாள். பிறகு துருத்தியை மட்டும் மெல்ல அசைத்துக்கொண்டிருப்பாள். காய்கறிக் கடையிலிருந்து ஓடிவருகிறவர்களுக்கும் மிளகுக் கிடங்கில் மூட்டை தூக்குகிறவர்களுக்கும் படியேறும்போதே சுருதி காதில் விழும். உட்காருவதற்குள் தொண்டை அதோடு சேர்ந்துவிடும். கடைசி வரிசைக் கிழவர் ஒருவர் எப்போதும் அரை அடி பிந்தியே பாடுவார். அவர் வந்து சேரும்வரை அக்கா அடுத்த சரணத்துக்குப் போகமாட்டாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து பாட்டுப் புத்தகத்தைப் புரட்டுவேன். நாலு பேர் முன்னால் எனக்கு வாய் வராது. அந்த வேலையே எனக்குப் போதுமாக இருந்தது.

புதிய போதகர் வந்தபின் கீபோர்டு வந்தது, டிரம்ஸ் வந்தது, திரை வந்தது. எங்கள் பிள்ளைகளுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது என்பதால் தமிழ்ப் பாட்டை மலையாள எழுத்தில் திரையில் போட்டார்கள். அதில் எனக்குக் கோபமில்லை, பிள்ளைகள் பாடட்டும். ஆனால் ஆர்மோனியத்துக்கு இனி இடமில்லை என்பதை மட்டும் யாரும் நேராகச் சொல்லவில்லை.

ஒரு சாயங்காலம் அக்கா கடைக்குப் போயிருந்தபோது போதகர் வீட்டுக்கு வந்தார். சாயாவை ஆற்றிக்கொண்டே, "அக்காவுக்கு இப்ப விரல்வலி எல்லாம் உண்டு, இல்லையா?" என்றார். மழைக்காலத்தில் எப்போதாவது தைலம் தடவுவாள், அவ்வளவுதான். எதற்காகக் கேட்கிறார் என்பதும் எனக்குப் புரிந்தது. இருந்தும் தலையை ஆட்டினேன்.

அடுத்த ஞாயிறு அக்காவை முன்னால் அழைத்துப் பொன்னாடை போர்த்தினார்கள். "விரல்வலியோடதான் இத்தன நாள் ஊழியம் செஞ்சிருக்காங்க. தங்கச்சியே எங்கிட்ட சொன்னாங்க. இனி ஓய்வெடுக்கட்டும்" என்றார் போதகர். சபை கைதட்டியது. அக்கா என்னைப் பார்த்தாள். ஒரே ஒரு பாட்டு வாசிக்கட்டுமா என்று அவள் கேட்டதற்கு, நேரமாகிவிட்டது என்று சொல்லி மைக்கை வாங்கிக்கொண்டார்கள். வீட்டுக்கு வந்ததும் அட்டையை என் வேதாகமத்துக்குள் வைத்து மூடினாள்.

இப்போதும் ஞாயிறு தவறாமல் வருகிறாள். கடைசி வரிசையில் கிழவர் பக்கத்தில் உட்காருகிறாள். அவர் வாயைத் திறப்பதற்குள் பாட்டு அடுத்த வரிக்குப் போய்விடுகிறது. அக்கா வாயைத் திறப்பதேயில்லை.

போன மாதம் கால்வீக்கத்துக்காக அவளைச் சுள்ளிக்கல்லில் ஒரு டாக்டரிடம் கூட்டிப்போனேன். "கைக்கு வேதன உண்டோ அம்மச்சி?" என்று அவர் கேட்டார். அக்கா என்னைக் காட்டினாள்.

"அவகிட்ட கேளுங்க சாரே. என் விரலப் பத்தி அவளுக்குத்தான் தெரியும்."

டாக்டர் சிரித்தபடி என் பக்கம் திரும்பினார். இல்லை என்று சொன்னேன், ஆறு வருடம் பிந்தி. பிந்தி வருகிறவருக்காக நின்று வாசித்தவள், எனக்காக நிற்கவில்லை. பையை எடுத்துக்கொண்டு வெளியே நடந்துவிட்டாள்.

ஞாயிறுதோறும் வேதாகமத்தைத் திறக்கும்போது அட்டை மடியில் விழுகிறது. எடுத்து அதே பக்கத்தில் வைத்துவிடுகிறேன்.