அதுலயே போங்க

சிதம்பரத்தில் என் அப்பா இருந்த முதியோர் இல்லத்தின் வராந்தாவில் ஞாயிற்றுக்கிழமை காலையில் நின்றால் ஒரு விநோதம் கண்ணில் படும். பார்க்க வருகிறவர்கள் கையில் ஆப்பிள், சாத்துக்குடி எதுவும் இருக்காது. அக்குளில் ஆளுக்கொரு பெரிய பிளாஸ்டிக் பொட்டலம் இருக்கும். பெரியவர்களுக்கான டயப்பர். "என்னா வாங்கிட்டு வரட்டும்?" என்று போனில் கேட்டால் இல்லத்தில் அதைத்தான் சொல்வார்கள்.

நாங்களும் வாங்கிப் போனோம். குறிஞ்சிப்பாடியிலிருந்து வந்த என் தாய்மாமா, வரிசை எடுத்து வருகிறவர் போல இரண்டு பொட்டலங்களோடு இறங்கி, "நயம் சரக்கு மாப்ள, ராத்திரி பூரா தாங்கும்" என்றார். நான் நன்றி சொன்னேன். பத்திரிகைகளில் நகைச்சுவைக் கட்டுரை எழுதுகிறவன் நான். உலகத்தில் எது கோணலாக இருந்தாலும் என் கண்ணுக்குத் தப்பாது என்று ஒரு நினைப்பு எனக்கு உண்டு. இது தப்பியது.

பெற்றவர்களை இப்படியோர் இடத்தில் விட்டிருக்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஆறுதல் எதிர்பார்க்காதீர்கள். எனக்கே இன்னும் கோபம் ஆறவில்லை.

அப்பாவுக்கு வந்தது பக்கவாதம் (மூளைக்குப் போகும் ரத்தக்குழாய் அடைத்து உடம்பின் ஒரு பக்கம் செயலிழப்பது). கடலூர் வீட்டில் இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். இடது கையிலிருந்த தண்ணீர் டம்ளர் தானாகச் சாய்ந்தது. "கை தூங்குதுடா" என்றார், வேறு யாருடைய கையைப் பற்றியோ சொல்வது போல. சீக்கிரமே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனதால் பேச்சு போகாமல் தப்பியது. இடது கால் மட்டும் இழுத்துக்கொண்டது.

ஆஸ்பத்திரியில் முதலில் கதீட்டர் (சிறுநீர்ப்பைக்குள் செருகி வைக்கும் குழாய்) போட்டிருந்தார்கள். அதை எடுத்த அன்றே, வாக்கரை (பிடித்து நடக்க உதவும் நாலுகால் சட்டம்) ஊன்றிக்கொண்டு கழிவறைக்குப் போய் வந்தார். பக்கத்தில் ஓர் ஆள் நின்றால் போதும். ஆஸ்பத்திரி வாசலைத் தாண்டி வெளியே வந்தபோது அப்பாவின் நிலைமை இதுதான்.

அந்த ஓர் ஆள்தான் எங்களிடம் இல்லை. அம்மா இறந்துவிட்டார். மனைவிக்குப் பள்ளிக்கூட வேலை, எனக்கு இன்ஷூரன்ஸ் ஆபீஸ். குடியிருந்தது மாடியில், கழிவறையோ குந்தி உட்காரும் பழைய மாதிரி. தங்கை அமலி சிதம்பரத்தில் இருக்கிறாள். அவள் வீட்டுக்கு அருகே இந்த இல்லம். வாசலில் 'பிசியோதெரபி வசதி உண்டு' என்று போர்டு. கொஞ்ச நாள் இருந்து நன்றாக நடக்கக் கற்றுக்கொண்டு வரட்டும் என்று முடிவு செய்தோம். அப்பா தலையாட்டினார். செம்மங்குப்பத்தில் ஒரு ரசாயன ஆலையில் ஷிஃப்ட் ஆபரேட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். எங்கே நிற்கச் சொன்னாலும் நிற்கிறவர்.

வாரம் போகப் போக நடை குறைந்தது. முதலில் வராந்தாவின் கோடி வரை வந்து எங்களை வழியனுப்பினார். பிறகு அறை வாசல் வரை. பிறகு கட்டிலிலிருந்தே கையசைத்தார். கேட்டபோது "வயசாயிடுச்சுல்ல சார்" என்றார்கள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததற்குப் பிறகு அப்படியென்ன வயது கூடிவிட்டது என்று நான் கேட்கவில்லை.

அப்பாவும் எதுவும் சொல்லவில்லை. நாங்கள் அரசியல் பேசுவோம், கிரிக்கெட் பேசுவோம், மாதா கோயிலில் சாமியார் பிரசங்கத்தை இழுத்த இழுப்பைப் பேசுவோம். இடுப்புக்குக் கீழே அப்பாவுக்கும் பிள்ளைக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. இதை மரியாதை என்று நினைத்திருந்தேன். இப்படிப்பட்ட இடங்கள் நடப்பதே அந்த மரியாதையை நம்பித்தான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை வீட்டுத் தண்ணீர் மோட்டார் புகைந்துபோன கதையை அப்பாவிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். நடுவில் அவர், பக்கத்துக் கட்டிலைச் சரிசெய்துகொண்டிருந்த பணிப்பெண்ணைக் கூப்பிட்டார்.

"செல்வி, பாத்ரூம் போவணும்."

"கட்டிருக்குல்ல தாத்தா, அதுலயே போங்க" என்றாள் அவள். அதட்டவில்லை. பிரியமாகவே சொன்னாள். போகிற போக்கில் அவர் போர்வையையும் இழுத்துவிட்டுப் போனாள்.

அப்பா என்னைப் பார்த்தார். பிறகு மின்விசிறியைப் பார்த்தார். "மோட்டாருக்குக் காயில் கட்டக் குடுத்துட்டியா?" என்று கேட்டார். கொடுத்துவிட்டேன் என்றேன். கடைக்காரன் என்ன சொன்னான் என்று கேட்டார். நான் சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவர் தோள்கள் மெல்லத் தளர்ந்தன. கண் விசிறியை விட்டு நகரவில்லை. நான் பேச்சை நிறுத்திவிட்டேன்.

"ம், சொல்லு" என்றார்.

காயில் கட்டுகிறவன் சொன்ன எல்லாவற்றையும் சொன்னேன். அவன் சொல்லாததையும் சேர்த்துச் சொன்னேன்.

மேனேஜர் அறைக்குப் போனேன். கண்ணாடி போட்ட, பண்பான அம்மாள். இங்கே நடந்து வந்து சேர்ந்த எங்கப்பாவுக்கு எதற்கு டயப்பர் என்று கேட்டேன். எல்லோருக்குமே சேர்ந்த அன்றே கட்டிவிடுவார்களாம், அதுதான் இல்லத்தின் வழக்கமாம். மாடி முழுவதற்கும் ஒரு நேரத்தில் ஒரே பணிப்பெண்தானாம்.

"பாத்ரூம்ல வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு உடைஞ்சா நீங்க யாரக் கேப்பீங்க சார்? எங்களத்தான? டயப்பர்ல இதுவரைக்கும் யாரும் விழுந்ததில்ல."

யாரும் எழுந்ததும் இல்லையே அம்மா. இந்தப் பதில் எனக்குக் கடலூர் பஸ்ஸில், புதுச்சத்திரம் தாண்டும்போது தோன்றியது. அங்கே அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தபோது தோன்றவில்லை. ஏனென்றால் அவர் அடுத்து ஒன்று சொன்னார்.

"மாசா மாசம் வாங்கிக் குடுக்கறது நீங்கதான சார்?"

வெளியே வராந்தாவில் கிள்ளையிலிருந்து வரும் ஒரு பெண்மணி நின்றிருந்தார். அவருடைய அம்மா எதிர் அறையில் இருந்தார். என் குரல் அவருக்குக் கேட்டிருக்க வேண்டும். நாமெல்லாம் சேர்ந்து கேட்டால் இன்னொரு ஆள் போடுவார்கள் என்றேன். அவர் கதவைத் திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"ஜாஸ்தி சத்தம் போடாதீங்க சார். நீங்க பஸ் ஏறிப் போயிடுவீங்க. எங்கம்மா ராத்திரிக்கு இங்கதான படுக்கணும்."

இதற்குப் பதில் புதுச்சத்திரம் தாண்டியும் தோன்றவில்லை. பெற்றவர்களைக் காசு கொடுத்துப் பிணையாக வைத்திருக்கிறோம், அதற்கு நன்றியும் சொல்லிக்கொண்டிருக்கிறோம் என்பது அந்த வராந்தாவில்தான் உறைத்தது.

அந்த வாரமே அப்பாவைக் கடலூருக்கு ஒரு நரம்பியல் மருத்துவரிடம் காட்டக் கூட்டிவந்தேன். இளம் வயதுப் பெண். முதலில் முதுகைத் திருப்பிப் பார்த்தார். இடுப்புக்குக் கீழே தோல் சிவந்து கன்றியிருந்தது. படுக்கைப் புண்ணின் (ஒரே இடத்தில் அழுத்தம் பட்டுத் தோல் சிதைவது) ஆரம்பம் என்றார். பிறகு, நான் பதில் சொல்ல வாயைத் திறந்தபோது கையமர்த்திவிட்டு, அப்பாவிடமே கேட்டார்.

"ஐயா, யூரின் வர்றது உங்களுக்குத் தெரியுதா?"

"தெரியுதும்மா."

"அடக்க முடியுதா?"

அப்பா சட்டை நுனியை இழுத்துவிட்டுக்கொண்டார். "ஃபேக்டரில ரிலீவர் வராம எடத்த விட்டு நவுரக் கூடாது" என்றார். "எட்டு மணி நேரம்லாம் அடக்கியிருக்கேன். ஆளு வருவான்னு தெரிஞ்சா அடக்கலாம்மா. அங்க யாருக்காக அடக்கறது?"

ரிலீவர் என்றால் அடுத்த ஷிஃப்டுக்கு வந்து மாற்றிவிடும் ஆள். மருத்துவருக்கு அது தெரிந்திருக்குமோ என்னவோ, எழுதுவதை நிறுத்திவிட்டு அவரையே பார்த்தார்.

எனக்கு அவர் விளக்கியது சுருக்கமாக இதுதான். சிறுநீர்ப்பையில் கோளாறு இல்லை. இது செயல்சார் கட்டுப்பாடின்மை (உறுப்பு சரியாக இருந்தும், கழிவறைக்குப் போக வழியில்லாததால் இருந்த இடத்திலேயே கழிய நேர்வது). எழுப்பி நடத்தாததால் தொடைத் தசை வற்றிவிட்டது. போகாதே, இங்கேயே விடு என்று உடம்புக்குப் பழக்கிக் கொடுத்திருக்கிறார்கள், உடம்பு கற்றுக்கொண்டுவிட்டது. திருப்பிப் பழக்க வேண்டும். இரண்டு மணி நேரத்துக்கொரு முறை, வந்தாலும் வராவிட்டாலும், நடத்திக் கூட்டிப்போய் உட்கார வைக்க வேண்டும். முழுதாகத் திரும்பும் என்று உறுதி சொல்ல முடியாது. தள்ளிப்போட்டால் திரும்பவே திரும்பாது.

இல்லத்தில் முடியாது என்று சொல்லிவிட்டார்கள். அமலியின் கணவர் நல்ல மனிதர், ஊர் நியாயம் பேசுகிறவர். "அவுங்க சொல்றதும் சரிதான மச்சான்? ஒருத்தருக்குச் செஞ்சா எல்லாரும் கேப்பாங்க" என்றார். எல்லாரும் கேட்க வேண்டும் என்றுதான் நானும் சொல்கிறேன் என்றேன். அமலி, இருவரையும் அடங்கச் சொல்லிவிட்டு அப்பாவின் துணிகளை மடித்துப் பையில் வைக்க ஆரம்பித்தாள்.

கீழ்வீட்டுக் குடித்தனக்காரரைக் காலில் விழாத குறையாகக் கெஞ்சி மாடிக்கு மாற்றிவிட்டு நாங்கள் கீழே இறங்கினோம். உட்காரும் கழிவறையும் சுவரில் கைப்பிடியும் வைத்தோம். பகலுக்கு ஓர் ஆளை ஏற்பாடு செய்தோம். மற்ற நேரத்துக்கு நானும் மனைவியும். எல்லோராலும் இது முடியாது என்பது தெரியும். முடிந்தவன் என்று நெஞ்சை நிமிர்த்தவும் இல்லை. ஒரு மனிதன் கழிவறைக்கு நடந்து போவதற்கு ஒரு குடித்தனமே வீடு மாற வேண்டியிருக்கிறது என்றால் அதில் பெருமைப்பட என்ன இருக்கிறது?

முதல் நாட்கள் மோசம். "வருது" என்பார். ஓடிப்போய் நிற்பதற்குள் முடிந்திருக்கும். முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொள்வார். ஒருமுறை, "அங்கயே வுட்டுட்டு வந்திருக்கலாம்" என்றார். லுங்கியை மாற்றிவிட்டேன். அடுத்த முறை என் மேல் எரிந்து விழுந்தார். அது எனக்கு நல்ல அறிகுறியாகப் பட்டது. மருத்துவரிடம் சொன்னபோது அவரும் மறுக்கவில்லை.

எங்கள் வீட்டில் கடிகாரம் வேறு மாதிரி ஓடத் தொடங்கியது. பூசை, கல்யாணம், ஆபீஸ் மீட்டிங், எல்லாமே இரண்டு மணி நேரத் துண்டுகளாகத் தெரிந்தன. ஆபீஸில் என்னிடம் யாராவது நீளமாகப் பேசினால், இவருக்கு அவசரம் வரும்போது யார் பக்கத்தில் நிற்பார்கள் என்று யோசித்துக்கொண்டிருப்பேன். என்னைப் பற்றியும் அப்படி யோசித்தேன். ஐம்பதைத் தாண்டிய என் உடம்பு அதுவரை எனக்குச் சொந்தமாக இருந்தது. இப்போது அது யாரோ ஒரு மேனேஜரின் வழக்கத்துக்காகக் காத்திருப்பது போலத் தோன்றுகிறது.

உங்கள் அப்பாவோ அம்மாவோ இல்லத்தில் இருந்தால், என்ன வாங்கி வரட்டும் என்று கேட்காதீர்கள். கழிவறைக்கு அவரை யார் கூட்டிப்போகிறார்கள், எத்தனை பேருக்கு ஓர் ஆள் என்று கேளுங்கள். அலுவலகத்தில் கேட்பதற்கு முன்னால் அவரிடமே கேளுங்கள். வெட்கமாகத்தான் இருக்கும். உங்கள் வெட்கத்துக்கும் சேர்த்து அவர்தான் நனைந்த துணியில் படுத்திருக்கிறார்.

அப்பா முழுதாகத் தேறிவிடவில்லை. இரவில் இன்னும் கட்டித்தான் படுக்கிறார். கால் இழுக்கிறது. போன வாரம் ஒருநாள் மாலை நான் ஆபீஸிலிருந்து வந்து சட்டையைக் கழற்றிக்கொண்டிருந்தபோது, யாரையும் கூப்பிடாமல் அவராகவே கட்டிலிலிருந்து எழுந்தார். வாக்கர் தரையில் தட்டித் தட்டிப் போயிற்று. தொடாமல் பின்னாலேயே போனேன். உள்ளே போய்க் கதவைச் சாத்தினார். தாழ்ப்பாள் விழுகிற சத்தம் கேட்டது.

தாழ்ப்பாள் போடவே கூடாது என்பது மருத்துவர் உத்தரவு. உள்ளே விழுந்தால் கதவை உடைத்துத்தான் எடுக்க வேண்டும். கதவைத் தட்டி, "அப்பா, தாப்பாள எடுங்க, நான் இங்கதான் நிக்கறேன்" என்றேன்.

"நீ அந்தாண்ட போடா" என்றார் உள்ளேயிருந்து. "ஆளு நின்னா எனக்கு வராது."

அந்தாண்ட போனேன். கடிகாரத்தைப் பார்க்கவில்லை. அவர் கதவைத் திறக்கிற வரைக்குமான நேரம் அவருடையது.