கடலோரத்தில் மங்கா போட்ட சர்வீஸ்

உப்புக் காற்றில் ஊறிய கம்பளி நூலுக்கு ஒரு வாடை உண்டு. மழையில் நனைந்த ஆட்டுக்குட்டியைத் தூக்கி வந்தவர்களுக்கு அது தெரியும். கடலூரில், அலைச் சத்தம் கேட்கும் தூரத்தில் இருந்த ஒரு மைதானத்தில், பூப்பந்தை முதல் தடவை கையில் வாங்கியபோது அந்த வாடைதான் என் மூக்கில் ஏறியது. மஞ்சள் நூலை இறுக்கிச் சுற்றிய அந்தச் சின்னப் பந்து எங்கள் மலையில் பஞ்சாக இருக்கும். இங்கே ஈரத்தைக் குடித்துக் கனத்திருந்தது. அப்படியும், மட்டையை விட்டுக் கிளம்பியதும் காற்று அதைத் தூக்கிக்கொண்டு போனது.

அப்போது நான் பத்தாம் வகுப்பு. சவ்வாது மலைமேல் எங்கள் பள்ளி. மைதானத்தில் நின்றால் தூரத்தில் காவலூர் வானாய்வகத்தின் வெள்ளைக் கூரை தெரியும். அறுவடைக் காலத்தில் அதே மைதானம்தான் ஊருக்குக் களம். நாங்கள் சுண்ணாம்பில் போட்ட கோடுகளின் மேலேயே சாமைத் தாளைப் பரப்பி அடிப்பார்கள், நாங்களும் வேறு வழியில்லாமல் தூற்றுவதைப் பார்த்துக்கொண்டிருப்போம். மலைக்காற்று 'விட்டு விட்டு' வரும். பலமாக வீசினால் பதரோடு தானியமும் போய்விடும், வீசாவிட்டால் பதர் போகவே போகாது என்பதால், பெண்கள் முறத்தைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்து, கன்னத்தைக் காற்றுப் பக்கம் திருப்பி, பதமான காற்றுக்காக அசையாமல் நிற்பார்கள். நாங்கள் துள்ளினால் "அவசரப்படாத, அது தானா அடங்கும்" என்பாள் அம்மா.

அந்தப் பழக்கத்தை அப்படியே ஆட்டத்துக்குள் கொண்டுவந்துவிட்டோம். சர்வீஸ் போடுகிறவள் பந்தை நீட்டிப் பிடித்துக்கொண்டு காற்று அடங்கும்வரை நிற்பாள். எங்கள் பள்ளியில் நடுவராக இருந்த விளையாட்டு டீச்சரும் கூடவே நிற்பார். இப்படி நின்று நின்றே மலையடிவாரத்து ஒடுகத்தூரில் கீழ்நாட்டுப் பள்ளிகளை எல்லாம் தோற்கடித்தோம். இதில் கெட்டிக்காரி என் மாமன் மகள் மங்கா. வகுப்பிலேயே குட்டை அவள்தான். காற்று எப்போது அடங்கும் என்று அவள் கன்னத்துக்கு மட்டும் எப்படியோ முன்கூட்டியே தெரிந்துவிடும்.

எங்கள் பள்ளியில் பத்தாவதுக்கு மேல் இல்லை. மேலே படிக்க வேண்டுமானால் மலையை விட்டு இறங்க வேண்டும், இறங்கினால் தங்க இடம் வேண்டும். கடலூர்ப் போட்டியில் ஜெயிக்கிற அணியிலிருந்து விளையாட்டு விடுதிக்கு ஆள் எடுப்பார்கள் என்று டீச்சர் வந்து அப்பாவிடம் சொன்னார். அப்பா கெட்டவர் இல்லை, பயந்தவர். கடைசியில், "ஆஸ்டல்ல சேத்துக்கினா போ. இல்லன்னா இத்தோட நிறுத்திக்கோ" என்றார். மாமா வீட்டிலும் ஏறக்குறைய இதே தீர்ப்புதான். நானும் மங்காவும் ஒரே பஸ்ஸில் ஒரே பயத்தோடு இறங்கினோம்.

கடல் எங்களுக்கு வலக்கைப் பக்கம். முதல் ஆட்டத்தில் நான் சர்வீஸ் போடப் பந்தை நீட்டிக்கொண்டு நின்றேன். காற்று அடங்கவில்லை. இன்னும் கொஞ்சம் நின்றேன். கடற்காற்றுக்கு மூச்சு வாங்கும் வழக்கமே கிடையாது என்று எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. நடுவர் விசிலடித்து எச்சரித்தார், மறுபடியும் நின்றதற்கு சர்வீஸைப் பிடுங்கி அவர்களுக்குக் கொடுத்தார். பதறி அடித்த பந்தெல்லாம் இடப்பக்கக் கோட்டைத் தாண்டி விழுந்தது. வெளியே டீச்சர் "நேராப் பாத்து அடிங்கடி" என்று கத்திக்கொண்டிருந்தார். நேராகப் பார்த்து அடித்ததுதான் வினையே. எதிரணி உள்ளூர்ப் பெண்கள், காற்றைக் கண்டுகொள்ளாமல் விறுவிறுவென்று அடித்து அந்த ஆட்டத்தை முடித்துவிட்டார்கள்.

இடைவேளையில் எனக்கு அழுகை முட்டியது. மூன்றில் இரண்டை ஜெயிக்க வேண்டும், இன்னும் ஒன்று தோற்றால் எல்லாம் முடிந்தது. மங்கா தண்ணீர்கூடக் குடிக்காமல் அந்தப் பெண்கள் நின்ற பக்கத்தையே வெறித்துக்கொண்டிருந்தாள். பிறகு, ஊரில் இருந்த என் அம்மாவைப் பேச்சுக்குள் இழுத்தாள். "அத்த இன்னா, குவியலுக்கு நேராவா முறத்த சாய்க்கும்? காத்து வர்ற பக்கம் ஒரு அடி தள்ளி நின்னுதான சாய்க்கும்? நம்மளும் கடல் பக்கம் தள்ளி அடிப்போம். ஓங்காத, தாழ அடி."

சொன்னபடி செய்தோம். கோட்டுக்கு வெளியே குறி வைப்பதற்குக் கை கூசியது. பந்து கண்ணெதிரே வெளியே போய், காற்றில் வளைந்து, உள்ளே வந்து விழுந்தபோது எனக்குச் சிரிப்பே வந்துவிட்டது. இரண்டாவது ஆட்டம் எங்களுடையது. மூன்றாவதில் அவர்கள் ஒரு புள்ளி, நாங்கள் ஒரு புள்ளி என்று இழுத்து, கடைசியில் இரு பக்கமும் ஒரே ஒரு புள்ளி பாக்கி நின்றது. சர்வீஸ் மங்காவின் கையில்.

அவள் பந்தை நீட்டினாள். நீட்டியவள், அடிக்கவில்லை.

தாமதித்தால் சர்வீஸ் கைமாறும் என்று நடுவர் மறுபடியும் சொல்லியிருந்தார். அவர் கை விசிலை நோக்கிப் போவதை நான் பார்த்தேன். இத்தனை நேரம் கற்றுக்கொண்டதை எல்லாம் மறந்துவிட்டு இவள் மலையிலேயே நிற்கிறாளே என்று எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. "அடிடி, அடிச்சித் தொலைடி" என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னேன். மங்கா கன்னத்தை மட்டும் லேசாகக் கடல் பக்கம் திருப்பினாள். வலைக் கம்பத்தில் பகலெல்லாம் படபடத்த கொடி தொங்கியது. அவள் அடித்தாள், நேராக.

எதிரில் நின்ற உயரமான பெண், காற்று பந்தை எங்கே கொண்டுபோகுமோ அந்த இடத்துக்கு ஏற்கெனவே நகர்ந்திருந்தாள். பந்து அங்கே வரவில்லை. அவள் விட்டுவந்த இடத்தில், கோட்டுக்கு ஒரு சாண் உள்ளே விழுந்தது. அடுத்த கணமே காற்று திரும்பவும் கிளம்பி எங்கள் பாவாடைகளை எல்லாம் அலைக்கழித்தது.

சாயங்காலம் விடுதிக்கு என் பெயரை வாசித்தார்கள். மங்காவின் பெயரை வாசிக்கவில்லை. டீச்சர் போய்ச் சண்டையே போட்டார். உயரம் போதாது என்று பதில் வந்தது. எனக்கு அது இன்றைக்கும் ஆறவில்லை. அவளைத் தேடிப் போனேன், என்ன சொல்வதென்று தெரியாமல், எப்படி அந்த நேரத்தில் நிற்கத் துணிந்தாய் என்று கேட்டுவைத்தேன். "அது நிக்கப் போவுதுன்னு தெரிஞ்சிது, நின்னேன்" என்றாள். பிறகு, "நீ போய்ட்டு வாடி" என்றாள். ஊர் திரும்பும் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து முகத்தை வெளிப்பக்கம் திருப்பிக்கொண்டாள், மலை ஏறும்வரை திரும்பவில்லை.

இன்று நான் ஒரு கல்லூரியில் பூப்பந்துப் பயிற்சியாளர். ஆட்டம் கூரைக்குள் வந்துவிட்டது, கதவுகளைக்கூடச் சாத்திவிடுகிறோம். கோட்டுக்கு வெளியே குறி வைத்து ஜெயித்தோம் என்றால் என் மாணவிகள் மரியாதைக்குத் தலையாட்டுகிறார்கள். மலையிலும் இப்போது யாரும் காற்றை எதிர்பார்ப்பதில்லை. களத்தில் ஒரு பெரிய மின்விசிறியை நிறுத்தி, சாமையை அதன்முன் கொட்டித் தூற்றிவிடுகிறார்கள்.

போன அறுவடைக்கு மங்காவின் களத்துக்குப் போயிருந்தேன். பாதித் தூற்றலில் கரண்ட் போய்விட்டது. மற்றவர்கள் முறத்தைப் போட்டுவிட்டுச் செல்போனை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். மங்கா மட்டும் முறத்தைத் தலைக்கு மேல் தூக்கி, கன்னத்தைத் திருப்பிக்கொண்டு நின்றாள். கீழே இறங்கும் கடைசி பஸ்ஸுக்கு எனக்கு நேரமாகிக்கொண்டிருந்தது, சீக்கிரம் என்று வாய்வரைக்கும் வந்தது. அவள் பக்கத்தில் போய் நானும் நின்றேன்.