காயா பூத்த இடம்

செய்யூரிலிருந்து கடலுக்குப் போகும் வழியில், சவுக்குத் தோப்புகள் முடிந்ததும் ஒரு புதர்க்காடு இருந்தது. செம்மண்ணும் மணலும் கலந்த மேடு. களா, சூரை, நடுவில் காயா. ஆளுயரத்துக்கு மேல் வளராத செடி. தடித்த, பளபளக்கும் இலை. கோடையில் சில நாட்கள் மட்டும் கிளைகளை ஒட்டிக் கொத்துக் கொத்தாக நீலமாகப் பூக்கும்.

தொண்ணூறுகளின் கடைசியில் நான் செங்கல்பட்டில் ஒரு நாளிதழின் நிருபர். புகைப்படக்காரன் என் நண்பன். எல்லா ஊருக்கும் ஒரே பைக்கில்தான் போவோம். அவனை அங்கே கூட்டிப்போனேன். அங்கே ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு அம்மா படம் எடுக்கவிட்டார்.

"பேப்பர்ல எடத்தப் போட்டுடாத, நைனா. காரு எடுத்துகினு வந்து கெளய ஒடைப்பானுங்க. வெயில்ல என் ஆடுங்களுக்கு நெழலு இது ஒண்ணுதான் கீது."

போடமாட்டோம் என்று இருவருமே சொன்னோம். 'கடலோரப் புதர்க்காட்டில்' என்று மட்டும் அச்சானது. ஆனால் எங்கள் அலுவலக வழக்கப்படி படத்தின் பின்பக்கம் இடத்தின் விவரம் இருக்கவேண்டும். கிராம அலுவலரிடம் கேட்டு சர்வே எண்ணையும், சென்னையில் இருந்த நிலத்துக்காரரின் பெயரையும்கூட எழுதினேன். யாரும் கேட்காத விவரத்தைச் சேர்ப்பதில் எனக்குப் பெருமை.

சில ஆண்டுகள் கழித்து, ஒரு காலை நாளிதழுக்குள் மனை விற்பனை நோட்டீஸ் செருகியிருந்தது. அதே கிளை, அதே பூ. கீழே மனைகளின் வரைபடம்.

நண்பனிடம் போய்க் கேட்டேன். அவன் மறைக்கவில்லை.

"லேஅவுட் போடுறவன் எடம் தேடிகினு இருந்தான், மச்சான். உன் கையெழுத்துல ஓனர் பேரு வரைக்கும் ரெடியா கீது. எடுத்துக் குடுத்தேன். நான் இல்லன்னா இன்னொருத்தன் குடுப்பான். ஒரு செடிக்குப் போயி பேஜாரு பண்றியே!"

டீ சொன்னான். குடிக்காமல் எழுந்துவிட்டேன்.

மறுநாள் அங்கே போனேன். மேட்டைப் பாதி சமப்படுத்தியிருந்தார்கள். ஆடுகள் பொக்லைனின் நிழலில் நின்றன. அந்த அம்மா பிடுங்கிப் போட்ட காயாவை ஒடித்து விறகுக்குக் கட்டிக்கொண்டிருந்தார்.

"நான் இல்லம்மா. எங்கூட வந்தவர்..." என்று தொடங்கினேன்.

"எவன் சொன்னா இன்னா? இட்டுகினு வந்தது நீதான?"

பிறகு, பக்கத்தில் நின்ற என்னை விட்டு, பொக்லைன் ஓட்டுநரைக் கூப்பிட்டுக் விறகுச் சுமையைத் தலையில் தூக்கிவிடச் சொன்னார்.