திருப்பிச் சொல்லுங்க, சார்

இஸ்திரி இயந்திரத்தின் மூடியை இறக்கி அழுத்திக்கொண்டே, "உன் கதை இருக்கட்டும். அவ என்ன சொன்னா? முதல்ல அதைச் சொல்லு" என்கிறார் பிரஸ் அக்கா. எதிரில் நிற்பவள் விழிக்கிறாள். ஒரு மணி நேரம் சண்டை போட்டிருக்கிறாள். எதிராளி சொன்ன ஒரு வார்த்தைகூடக் காதில் ஏறவில்லை. "போய்க் கேட்டுட்டு வா." ஆவி சீறுகிறது. அடுத்த விரிப்பு.

பெரிய மருத்துவமனையின் சலவைப் பிரிவில் அக்காவுக்கு இது பத்தொன்பதாவது வருடம். யாராவது வெந்நீர் குடிக்கச் சொன்னாலே எரிச்சல். "நாள் பூரா ஆவியில வேகுறேன், உள்ளயும் வேகணுமா?" ஊழியர்கள் தங்கள் தகராறுகளைத் தீர்க்க இவரைத்தான் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். விதிகளைக் கூடிப் பேசி எழுதினார்கள்; துப்புரவாளர் முதல் வார்டு கண்காணிப்பாளர் வரை எல்லோரும் கையெழுத்திட்டார்கள். ஒருவர் பேசும்போது மற்றவர் குறுக்கிடக் கூடாது. கேட்டதை அப்படியே திருப்பிச் சொல்ல வேண்டும். "ஆமா, இதைத்தான் சொன்னேன்" என்று பேசியவர் ஒப்புக்கொண்ட பிறகே தன் பக்கத்தைச் சொல்லலாம்.

வீட்டிலும் இதே சட்டம்தான். "ஈரத் துண்டைக் கட்டில் மேல போட்டது நான். பார்த்ததும் உனக்குக் கோபம். சரியா? இப்ப நான் பேசலாமா?" என்று கணவர் வக்கீல் குரலில் கேட்பார்.

"பேசக் கூடாது."

"விதியை மீறுற."

"ஆமா, மீறுறேன். துண்டைக் காயப் போட்டுட்டு வந்து கேஸ் போடுங்க."

போன வாரம் மருத்துவமனையில் தகராறு பேசும் அறையில் யாரும் சிரிக்கவில்லை. வார்டிலிருந்து வந்த விரிப்புச் சுருளுக்குள் கிடந்த ஊசி, துணி மடிக்கும் பெண்ணின் உள்ளங்கையில் ஏறியிருந்தது. விரிப்பில் ஊசி வந்தது இது மூன்றாவது முறை. அந்த வார்டின் கண்காணிப்பாளர் கொண்டுவந்த தாளில் "பணியாளரின் கவனக்குறைவு" என்று ஏற்கெனவே தட்டச்சாகியிருந்தது. அதில் அவள் கையெழுத்திட்டால் வேலை போகும். நிர்வாக அதிகாரி அவளிடம் பேனாவை நீட்டிக்கொண்டு காத்திருந்தார்.

மடிப்புக்காரி பேசினாள். "உங்க வார்டு விரிப்புல மூணு தடவை ஊசி வந்துச்சு. மூணு தடவையும் உங்ககிட்ட சொன்னேன். 'அழுக்குத் துணி எடுக்கிறவளுக்கு இவ்ளோ வாயா'ன்னு கேட்டீங்க. ரத்தப் பரிசோதனை முடியுற வரைக்கும் பிள்ளைக்குப் பால் குடுக்கக் கூடாதுன்னுட்டாங்க. மார் கட்டிக்கிட்டு வலிக்குது. பீச்சிப் பீச்சி சாக்கடையில ஊத்துறேன்."

"இப்ப நீங்க திருப்பிச் சொல்லுங்க, சார்" என்றார் அக்கா.

"கவனமில்லாம எடுத்தேன், குத்திடுச்சுங்கிறா."

"அவ அப்படிச் சொல்லல."

"சரி, ஊசி வந்துச்சுங்கிறா. குத்துச்சுங்கிறா."

"எத்தனை தடவை? யார்கிட்ட சொன்னா? நீங்க என்ன கேட்டீங்க?"

கண்காணிப்பாளரின் முகம் சிவந்தது. மூன்று முறை சுலபமாக வாயிலிருந்து வந்த வார்த்தை, அதிகாரிக்கு முன்னால் வெளியே வரவில்லை. அடுத்தவளைச் சொல்லும்போது அது வெறும் பேச்சு. தானே திருப்பிச் சொல்லும்போது குற்றம். இது புரியாத அளவுக்கு அவர் முட்டாள் இல்லை.

"விடும்மா" என்று அதிகாரி குறுக்கிட்டார். "ரெண்டு பேரும் கொஞ்சம் கொஞ்சம் விட்டுக்கொடுத்துட்டா முடிஞ்சுது. நீ நடுநிலையா இருக்க வேண்டியவ."

பல அலுவலகங்களில் சமரசம் என்றால் இளைத்தவர் வாயைப் பொத்திக்கொண்டு போவதுதான். அக்கா அதிகாரியின் பக்கம் திரும்பினார்.

"நடுநிலைன்னா நடுவுல படுத்துத் தூங்குறதா, சார்? அவ எதை விட்டுக்கொடுக்கணும்? ரெண்டாவது ஊசியையா, மூணாவதையா? இதே மேசையில போன மாசம் எங்க பிரிவு ஆளையே நாலு தடவை திருப்பிச் சொல்ல வச்சேன். அப்ப இவர் கை தட்டினார். சட்டை மாறினா சட்டம் மாறுமா?"

"எனக்கு வார்டுல வேலை இருக்கு" என்று கண்காணிப்பாளர் எழுந்தார்.

"தாராளமா போங்க. திருப்பிச் சொல்ல மறுத்தா, பேசினவங்களே தாங்க சொன்னதை எழுதி மேலிடத்துக்கு அனுப்பலாம்னு அஞ்சாவது விதி இருக்கு. கீழ உங்க கையெழுத்தும் இருக்கு."

அவர் போகவில்லை, உட்காரவும் இல்லை. அதிகாரி நீட்டியிருந்த பேனாவை அக்கா வாங்கினார். தட்டச்சுத் தாளைக் கவிழ்த்து, வெற்றுப் பக்கத்தை மடிப்புக்காரியின் முன்னால் தள்ளினார். மின்விசிறிக் காற்றில் தாள் படபடத்தது. பேனாவை அவள் கையில் கொடுத்துவிட்டு, அவள் முதல் வரியை எழுதத் தொடங்கும்வரை தாளின் மேல்முனையை இரண்டு கைகளாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டு நின்றார்.