கார்டில் எழுதிய பெயர்

எவுலாலியாவைப் பயந்தாங்கொள்ளி என்று யாராவது சொன்னால் நான் சண்டைக்கே போவேன். குவாத்தமாலாவிலிருந்து கைக்குழந்தையோடு கிளம்பி, பாலைவனத்தை நடந்தே கடந்து வந்தவள். அமெரிக்காவில், நியூ பெட்ஃபோர்டு துறைமுகத்தில், மீன் கம்பெனியில் ஆறு வருடமாக என் பக்கத்தில் நின்று மீன் அறுக்கிறாள். ஒருமுறை கண்டபடி பேசிய சூப்பர்வைசரின் சட்டைக்குள் ஒரு கை ஐஸை அள்ளிப் போட்டாள். அவன் குதித்த குதி இருக்கிறதே!

கம்பெனியில் அவள் பெயர் கார்மென். இங்கே தங்கி வேலை பார்க்கப் பேப்பர் இல்லாத எங்கள் ஊர்க்காரர்கள் பலரும் இன்னொருவர் பெயரில்தான் வேலை பார்க்கிறார்கள். மார்ச் மாதம் எங்கள் வரிசையிலிருந்து நாலு பேரைக் குடியேற்றத் துறைச் சீருடைக்காரர்கள் பிடித்துப்போய் நாடு கடத்திவிட்டார்கள். அதிலிருந்து வாசல் மணி அடித்தாலே அவள் விளக்கை அணைத்துவிடுவாள். நானும்தான். எனக்குப் பேப்பர் இருக்கிறது, என் வீட்டுக்காரருக்கு இல்லை.

அவள் மகள் நோயெமிக்கு ஒன்பது வயது. வீட்டில் வேறு மொழி பேசும் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பல்கலைக்கழகத்தில் கோடையில் ஐந்து வாரம் வகுப்பு நடத்துகிறார்கள். பஸ், சாப்பாடு எல்லாம் அவர்களே. நோயெமிக்கு வீட்டில் எங்கள் ஊர்க் கிச்சே, தெருவில் ஸ்பானிஷ், பள்ளியில் ஆங்கிலம். நண்டின் மேலோட்டை அளந்து மூன்று மொழியிலும் எழுதிக் கொண்டுவந்து எங்களிடம் பீற்றிக்கொள்வாள். அந்த ஐந்து வாரம்தான் எவுலாலியா கொஞ்சம் சிரித்தாள்.

கடைசி நாள் பஸ் கிடையாது. பெற்றோர் வந்து அழைத்துப்போக வேண்டும். என் காரில் போனோம். வாசலில் ஒரு கல்லூரிப் பெண் எவுலாலியாவுக்குக் குவாத்தமாலா தூதரகம் கொடுத்த அடையாள அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இங்க கார்டுல அம்மா பேரு கார்மென் ஓர்ட்டிஸ்னு இருக்கு. உங்க அட்டையில எவுலாலியா ட்சோக்னு இருக்கே?"

குழந்தையை வகுப்பில் சேர்க்க, கம்பெனிச் சாப்பாட்டு இடைவேளையில் அவசரமாக நிரப்பிய கார்டு அது. கம்பெனியில் தினமும் போடும் பெயரையே கைப்பழக்கத்தில் எழுதித் தொலைத்திருக்கிறாள்! குழந்தையை அழைத்துப்போகலாம் என்று கார்டில் எழுதிய இரண்டாவது பெயர் என்னுடையது. நான் வாய் திறந்திருக்கலாம். திறக்கவில்லை. பயம்.

அந்தப் பெண் யாரையோ அழைத்தாள். வந்தவர் சீருடையில் இருந்தார், இடுப்பில் துப்பாக்கி. பல்கலைக்கழகக் காவலர்தான், ஆனால் அந்த நேரத்தில் யாருக்கு வித்தியாசம் தெரிகிறது? நோயெமியை அழைத்து வந்தார்கள். காவலர் குனிந்து அன்பாகத்தான் கேட்டார்.

"பாப்பா, இவங்க உன் அம்மாவா?"

நோயெமி அவர் சட்டையிலிருந்த பேட்ஜைப் பார்த்தாள்.

"இல்ல. இவங்கள எனக்குத் தெரியாது."

மார்ச்சிலிருந்து தினமும் தலை பின்னும்போது எவுலாலியா சொல்லிக்கொடுத்தது அது. சீருடைக்காரர் யார் கேட்டாலும் அம்மாவைத் தெரியாது என்று சொல்ல வேண்டும்.

"சொல்லலாம்டி தங்கம். நான்தான்டி," என்றாள் எவுலாலியா, கிச்சே மொழியில், மெதுவாக.

குழந்தையின் கண் நிறைந்தது, தலை மட்டும் இல்லை என்று ஆடியது. காவலரின் கை தோளிலிருந்த ரேடியோவுக்குப் போனது. அப்போதுதான் எனக்கு நாக்கு வந்தது.

"சார், நான் டெல்ஃபினா. கார்டுல ரெண்டாவது பேரு என்னோடதுதான். இவங்க எங்க தெருக்காரங்க, இங்கிலீஷ் வராது. ஏதோ குழப்பம்."

என் லைசென்ஸை இரண்டு முறை சரிபார்த்தார்கள். காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டேன். நோயெமி என் கையைப் பிடித்துக்கொண்டு, பெற்றவளைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் தாண்டி நடந்தாள். எவுலாலியா இருபது அடி தள்ளி, யாரோ மாதிரிப் பின்னால் வந்தாள்.

காருக்குள் ஏறி, கதவு சாத்திய பிறகுதான் குழந்தை அவள் மடியில் விழுந்தாள்.

"சரியாச் சொன்னேனாம்மா?"

"சரியாச் சொன்னே."

"அடுத்த தடவை கேட்டாலும் தெரியாதுன்னுதானே சொல்லணும்? நீ அழுதாக்கூட?"

நான் கண்ணாடியில் பார்த்தேன். எவுலாலியா மகளின் தலையைத் தடவிக்கொண்டே இருந்தாள்.

"ஆமா," என்றாள்.